அறுத்த கோழி ஏன் துடிக்கிறது?

‘கழுத்தறுத்த கோழி மாதிரி துடித்தான்’ என்று நானே பல இடங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் நாற்பத்திரண்டு வயதுவரை அப்படியொரு கோழியை நேரில் பார்த்ததில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த கோழி, கறுப்புப் பாலித்தீன் பையில் வெதுவெதுப்பாக வரும். கடைக்காரர் நீல டிரம்முக்குள் எதையோ போடுவார். உள்ளே தடதடவென்று சத்தம் கேட்கும். அது அடங்கும்வரை நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று முதன்முதலாக யோசித்தது திருத்தணியில், அத்தை வீட்டுத் தோட்டத்தில்.

அத்தை வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படி ஏறினால் முருகன். சூரனோடு போரிட்ட சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் என்பார்கள். கந்த சஷ்டிக்கு மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே அது கிடையாது, சாமிக்குப் பூவைக் கொட்டி அர்ச்சிப்பதோடு சரி. பிளவுபட்ட சூரனில் ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆனது புராணம். அந்தச் சேவல் கொடியில் ஏறிக்கொண்டது. கொடியில் ஏறாத சேவல்கள் ஐந்து, அத்தை வீட்டு முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த வாரம் அது. காவடிக்காரர்கள் போய், தெரு பழையபடி ஆகியிருந்தது. “வர்ற ஞாயித்துக்கெழம ரெண்ட அடிச்சிடலாம்” என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். “இந்தவாட்டி நீ அடி கண்ணு. திங்கிறவனுக்கு அடிக்கவும் தெரியணும்.”

ஆட்டை வெட்டுகிறோம், மீனை ஆய்கிறோம், கோழியை மட்டும் ‘அடிக்கிறோம்’. கடையில் அறுப்பது, கிராமத்தில் கழுத்தைத் திருகுவது, கோயிலில் காவு கொடுப்பது எல்லாம் வீட்டுப் பேச்சில் ‘கோழி அடிச்சுக் குழம்பு வெச்சேன்’ என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. எப்படி அடிப்பது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

ஏன் ஐந்தும் சேவல்?

தை மாதக் கடைசியில் பெட்டையை 12 முட்டையோடு அடை வைத்தார் அத்தை. 21 நாளில் ஒன்பது பொரிந்தன. பருந்து ஒன்றையும் கீரி ஒன்றையும் கொண்டுபோயின. மிஞ்சிய ஏழில் ஐந்து சேவல். “எல்லாம் என் நேரம்” என்றார் அத்தை.

நேரம் இல்லை, நிகழ்தகவு. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. பறவையில் அது தலைகீழ். சேவலிடம் இருப்பவை இரண்டும் ஒரே மாதிரியான இசட் குரோமோசோம்கள். பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. முட்டைக்குள் எது போகிறதோ அதைப் பொறுத்துக் குஞ்சு அமைகிறது. ஒவ்வொரு முட்டையும் ஒரு நாணயச் சுண்டல். ஏழு முறை சுண்டினால் ஐந்தோ அதற்கு மேலோ ‘தலை’ விழ ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தைக்கு விழுந்தது அதுதான்.

சராசரியாகப் பாதிக்குப் பாதி என்றாலும் சிக்கல் தீராது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆறு மாதத்தில் மற்ற சேவல்கள் ஒன்றையொன்று கொண்டை கிழியக் கொத்திக்கொள்ளும். பெட்டைகளை மிதித்து மிதித்து முதுகு இறகை உதிர்த்துவிடும். முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துத் தரும் நிலையங்களில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாகத் தீர்க்கப்படுகிறது. ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்து, முட்டைக்குள் இருக்கும்போதே பாலினம் கண்டறியும் முறைக்கு மாறியது. வீட்டில் நாலு கோழி வளர்ப்பவருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். முட்டை வேண்டும் என்று அடை வைத்தால் சேவலும் சேர்ந்துதான் வரும்.

இருட்டில் பிடி

சனிக்கிழமை மாலை ஒரு சேவலைத் துரத்தினேன். அது கத்திக்கொண்டு கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, வேலி என்று ஓடியது. ஊரே பார்த்தது. “ஓடவுட்டுப் புடிச்சா கறி ரப்பரா பூடும். வுடு, பொழுது சாயட்டும்” என்றார் அத்தை.

அந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டு அறிவியல் இருந்தது.

முதலாவது கண். கோழியின் விழித்திரையில் நிறம் காணும் கூம்பு செல்கள் நிறைய. அவற்றில் நமக்கு மூன்று வகை, கோழிக்கு நான்கு. ஊதாவுக்கு அப்பால் நாம் காணாததையும் அது ஓரளவு காணும். பகலில் பூச்சியையும் தானியத்தையும் பொறுக்க இது அருமையான கண். மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள்தான் குறைவு. அதனால் பொழுது சாய்ந்ததும் கோழிக்குப் பார்வை போய்விடுகிறது. போன இடத்தில் உட்கார்ந்துவிடும். பெரிய பண்ணைகளில் கோழி பிடிப்பவர்கள் விளக்கைக் குறைத்து, நீல ஒளியில் வேலை செய்வது இதனால்தான். இரவு எட்டு மணிக்கு முருங்கைக் கிளையிலிருந்து அந்தச் சேவலை இரண்டு கையாலும் எடுத்தபோது, ‘குர்ர்’ என்றதோடு சரி.

இரண்டாவது தசை. ஓடும்போதும் மிரளும்போதும் தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு எரிந்துபோகிறது. உயிர் போன பிறகு, அந்தச் சேமிப்பு மெல்ல அமிலமாக மாறித்தான் கறி பதமாகிறது. அறுப்பதற்கு முன்பே அது கரைந்துவிட்டாலோ, சூடேறிய உடம்பில் தாறுமாறான வேகத்தில் மாறினாலோ, கறியின் நீர்ப்பிடிப்பும் மென்மையும் கெடும். கோழிக்கு எது நல்லதோ அதுவே குழம்புக்கும் நல்லது. இந்த அத்தியாயத்தில் இந்த ஒற்றுமை மறுபடியும் வரும்.

பிடித்ததைக் கூடையில் கவிழ்த்தார் அத்தை. தண்ணீர் வைத்தார், தீனி வைக்கவில்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையும் குடலும் காலியாக 8 முதல் 12 மணி நேரம் ஆகும். நிறைந்த குடலோடு அறுத்தால், சுத்தம் செய்யும்போது கிழிந்து, உள்ளிருக்கும் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் கறியில் ஏறும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது.

சந்தையிலிருந்து கோழிகளைக் காலைக் கட்டி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பிடிக்கப் போனேன். கோழிக்கு நம்மைப்போல மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை கிடையாது. நுரையீரல் விரிந்து சுருங்குவதும் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைய, காற்றுப்பைகள் துருத்திபோல வேலை செய்து காற்றைச் செலுத்துகின்றன. தலைகீழாகத் தொங்கும் கோழியின் ஈரலும் குடலும் அந்தப் பைகள்மேல் சரிந்து அழுத்துகின்றன. மூச்சு வாங்குகிறது. அதேபோல, பயத்தில் நெஞ்சோடு இறுக்கி அணைத்துப் பிடித்தாலும் மார்பெலும்பு அசையாமல் மூச்சு முட்டும். இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்க, கால்களை விரலிடுக்கில் பிடித்து, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவது மாதிரிதான்.

அமைதியான கோழி

ஞாயிறு விடியலில் கூடையைத் திறந்து சேவலை எடுத்து, மல்லாத்திக் கொஞ்ச நேரம் பிடித்தேன். இரண்டு உதறு உதறியது. பிறகு அசையவே இல்லை. கண் திறந்திருக்க, கால் விறைத்து, அப்படியே கிடந்தது. ‘பாவம், புரிந்துகொண்டுவிட்டது’ என்று என் மனம் இளகியது.

1646-இல் ரோமில் அதனேசியஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைப் பாதிரியார் ஒளியையும் நிழலையும் பற்றிய தன் பெரிய நூலில் ஒரு வேடிக்கையை எழுதினார். கோழியின் காலைக் கட்டித் தரையில் படுக்கவைத்து, அதன் கண்ணெதிரே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தால், கட்டை அவிழ்த்த பிறகும் அது எழுந்திருக்காது. அந்தக் கோட்டைத் தன்னைக் கட்டிய கயிறென்று கோழி கற்பனை செய்துகொள்கிறது என்பது அவர் விளக்கம். வெகுகாலம் இதைக் கோழி வசியம் என்றார்கள்.

கோடு தேவையே இல்லை என்று பிறகு தெரிந்தது. அழுத்திப் பிடித்தாலே போதும். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப்பும் அவருடைய குழுவினரும் பஞ்சடைத்துப் பாடம் செய்த ஒரு பருந்தைக் கோழியின் எதிரே வைத்துப் பார்த்தார்கள். பருந்து எதிரே இருந்தால் கோழி அசையாமல் கிடக்கும் நேரம் நீண்டது. இது தூக்கமும் இல்லை, சரணடைதலும் இல்லை. நரியின் வாயில் சிக்கிய பறவை செத்ததுபோல் கிடந்தால், பிடி தளரும் ஒரு கணத்தில் தப்பிக்கலாம். பயத்தின் கடைசிக் கட்டத்தில் உடம்பு ஆடும் கடைசிச் சீட்டு இது. ஒரு கோழி எவ்வளவு பயந்திருக்கிறது என்று அளக்க, அது இப்படி எத்தனை விநாடி கிடக்கிறது என்றுதான் கோழி அறிவியலாளர்கள் இன்றும் கடிகாரம் பார்க்கிறார்கள்.

என் கையில் அடங்கிக் கிடந்த சேவல் உச்ச பயத்தில் இருந்தது. நான் அதை ஞானம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிராமக் கோயில்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடோ சேவலோ உடம்பைச் சிலிர்த்தால்தான் ‘உத்தரவு கிடைத்தது’ என்று வெட்டுவார்கள். விறைத்துக் கிடக்கும் விலங்கை வெட்டாமல், சிலிர்க்கும்வரை காத்திருக்கிறார்கள். தெளிக்கிறவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, அந்தக் காத்திருப்பில் விலங்குக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கிறது. நான் சேவலை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை என் உள்ளங்கையால் மறைத்தேன். சற்று நேரத்தில் கால் தளர்ந்தது; கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. முன்பு கிடந்ததைவிட இப்போதுதான் அது நிதானத்தில் இருந்தது.

கத்தி போக வேண்டிய இடம்

மூளைக்கு ரத்தம் நின்றால் நினைவு போகும். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு குறைவாக விலங்கு உணரும். அறுப்பு முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

கழுத்தில் முக்கியமாக இரண்டு ஜோடி ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் இரண்டு. திரும்பக் கொண்டுவரும் ஜுகுலர் சிரைகள் இரண்டு. சிரைகள் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. தமனிகள் அப்படியில்லை. கோழியின் நடுக்கழுத்தில் அவை முதுகெலும்பை ஒட்டி, தசைக்குள் பதுங்கிச் செல்கின்றன. தலையை நெருங்கும்போதுதான் பிரிந்து மேலே வருகின்றன. முதன்முதலாக அறுப்பவர் செய்யும் தவறு இங்கேதான். பயத்தில் நடுக்கழுத்தில் லேசாக ஒரு கீறல் போடுவார். சிரை அறும், ரத்தம் கொட்டும், வேலை முடிந்த மாதிரி தெரியும். தமனி அறுந்திருக்காது, மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தமனியும் அறுந்த கோழியைவிட, சிரை மட்டும் அறுந்த கோழிக்கு மூளை அடங்கப் பல மடங்கு நேரம் ஆகிறது என்பதை, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகள் காட்டின. எனவே தாடைக்குச் சற்றே கீழே, காதுமடலுக்குப் பின்னால், எலும்பு தட்டும்வரை ஒரே இழுப்பு.

இதைப் பழைய மரபுகள் தம் வழியில் கண்டுபிடித்திருக்கின்றன. இஸ்லாமிய முறையில் மூச்சுக்குழாய், உணவுக்குழாயோடு இருபக்க ரத்தக்குழாய்களும் அறுபட வேண்டும்; கத்தி கூராக இருக்க வேண்டும்; விலங்கின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது. யூதர்கள் கத்தியின் விளிம்பை நகத்தால் தடவி, கண்ணுக்குத் தெரியாத பிசிறும் இல்லையென்று உறுதி செய்த பிறகே அறுக்கிறார்கள். மழுங்கின கத்தி திசுவை நசுக்கிக் கிழிக்கும். நசுங்கின இடத்தில் வலி நரம்புகள் அதிகம் தூண்டப்படும், ரத்தக்குழாயின் முனை சுருங்கி அடைத்துக்கொள்ளவும் கூடும். அத்தை வீட்டுக் கத்தியைச் சனிக்கிழமையே சாணை பிடித்து வைத்திருந்தேன். அத்தை ஒரு தாளை எடுத்து நீட்டினார். கத்தி தாளைச் சத்தமில்லாமல் பிளந்தது. “ம்” என்றார்.

கழுத்தைத் திருகுவதும் நம் ஊரில் உண்டு. அதில் ‘திருகு’ என்ற சொல்தான் வம்பு. முறுக்கினால் மட்டும் போதாது. தலையைப் பிடித்துக் கீழ்நோக்கி நீட்டி இழுத்து, அதே வேகத்தில் பின்புறமாக மடக்கினால்தான் மண்டையோடும் முதல் கழுத்தெலும்பும் பிரிந்து, தண்டுவடமும் தமனிகளும் அறுபடும். பழகின கைக்கு இது விரைவான முறை. ஆனால் கை சோர்ந்தால் பிசகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதி, கையால் இப்படிச் செய்வதை 3 கிலோவுக்கு உட்பட்ட பறவைக்கு மட்டும், ஒருவர் நாளொன்றுக்கு 70-க்கு மேல் போகாமல் அனுமதிக்கிறது. கையின் களைப்பைச் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

பழகாத எனக்குக் கத்திதான் சரி என்றார் அத்தை. தகரத்தைச் சுருட்டி வேலியில் அறைந்த ஒரு கூம்பு இருந்தது, அடிமுனை திறந்தபடி. சேவலை அதற்குள் தலைகீழாக இறக்கினால் தலை மட்டும் கீழே வரும், இறக்கை விரியாது, தோள் முறியாது. தலைகீழாக வைப்பது நல்லதில்லை என்று மேலே சொன்னேன். அதனால் உள்ளே இறக்குவதற்கும் அறுப்பதற்கும் இடையே விநாடிகள்தான் இருக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகுதான் கோழியைத் தொட வேண்டும். கத்தியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இடக்கையால் தலையைப் பிடித்தேன். அறுத்தேன்.

துடிப்பு

சில விநாடி ஒன்றுமில்லை. ரத்தம் கோடாக இறங்கியது. பிறகுதான் தொடங்கியது. கூம்பே வேலியோடு குலுங்கியது. கால்கள் காற்றில் ஓடின. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். “அத்தை, சரியா அறுக்கலையா?”

“அதோட கண்ணப் பாரு” என்றார்.

இங்கே 1945-க்கு ஒருமுறை போய்வர வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃப்ரூட்டா என்ற ஊரில், லாயிட் ஓல்சன் என்ற விவசாயி கோடாரியால் ஒரு சேவலின் தலையை வெட்டினார். சேவல் சாகவில்லை. நடந்தது, கிளையில் ஏறப் பார்த்தது, இல்லாத அலகால் இறகைக் கோதப் பார்த்தது. மைக் என்று பெயர் வைத்து, கண் மருந்துச் சொட்டானால் உணவுக்குழாயில் பால் ஊற்றி வளர்த்தார்கள். ஊர் ஊராகக் காசுக்குக் காட்டினார்கள். 18 மாதம் வாழ்ந்து, 1947 மார்ச்சில் தொண்டை அடைத்துச் செத்தது. வெட்டு உயரமாக விழுந்ததில் மூளைத்தண்டின் பெரும்பகுதி உடம்போடு தங்கிவிட்டது. ரத்தம் உறைந்து கசிவு நின்றுவிட்டது. மூச்சு, இதயத்துடிப்பு, நடையின் சமநிலை எல்லாவற்றுக்கும் அந்தத் தண்டே போதுமானதாக இருந்தது.

மைக் ஒரு விபத்து. ஆனால் அது காட்டிய உண்மை எல்லாக் கோழிக்கும் பொருந்தும். அசைவைப் பிறப்பிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. நடப்பதற்கும் சிறகடிப்பதற்குமான தாளம் தண்டுவடத்திலேயே நரம்புச் சுற்றுகளாக எழுதப்பட்டிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மூளை அந்தச் சுற்றுகளை அடக்கி வைத்திருக்கிறது. வேண்டும்போது மட்டும் அவிழ்த்துவிடுகிறது. ரத்தம் வற்றி மூளை அடங்கியதும் கட்டு அவிழ்கிறது. தண்டுவடம் தன் தாளத்தைத் தானே அடித்துத் தீர்க்கிறது. அந்தத் துடிப்பு பெரும்பாலும் வருவது உணர்வு போன பிறகு.

அப்படியானால் உணர்வு போனதை எப்படி அறிவது? சிறகைப் பார்த்துத் தெரியாது. கண்ணில் தெரியும். கோழிக்கு மேல் இமை, கீழ் இமை தவிர, குறுக்கே ஓடும் மூன்றாவது சவ்விமை ஒன்று உண்டு. கருவிழியை விரல் நுனியால் மெல்லத் தொட்டால், உணர்வுள்ள கோழியில் அது சட்டென்று மூடும். மூடவில்லையென்றால், வயிற்றுப் பக்கம் சீரான மூச்சின் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டதென்றால், பிடியில் கழுத்து துணிபோலத் தொங்குகிறதென்றால் அது போய்விட்டது. இமை மூடினாலோ மூச்சு சீராக வந்தாலோ உடனே மறுபடி அறுக்க வேண்டும். தயங்கிக்கொண்டு நிற்கும் அந்த நேரம்தான் கொடுமை.

தொட்டேன். இமை அசையவில்லை. மேலே கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே உடம்பில் இரண்டு செய்தி. எதை நம்புவது என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலையின் பாதி. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. தலையை ஒரே வெட்டில் துண்டித்தாலும் மூளையின் மின்னலைகள் சில விநாடி தொடர்வதுண்டு. ஆகவே ‘ஒரு கணத்தில் முடிந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கணக்கு விநாடிகளில்தான், அதைக் குறைப்பது மட்டுமே நம் கையில்.

வலி உண்டா?

‘கோழிக்கு என்ன தெரியும்’ என்பவர்களுக்கு ஒரு பரிசோதனை. 2000-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் கறிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து கலந்திருந்தது. கால் நொண்டும் கோழிகள் மருந்துள்ள தீவனத்தைத் தேடித் தின்றன. நொண்டல் எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிகம் தின்றன. நலமான கோழிகள் அப்படித் தேடவில்லை. வலியைத் தெரிந்துகொண்டு, அதற்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பிராணி அது.

அதே பல்கலைக்கழகத்தில் 2011-இல் இன்னொன்று. குஞ்சுகள்மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத்துடிப்பு ஏறியது. இறகு கோதுவது குறைந்தது. குஞ்சுகளைக் கூப்பிடும் குரல் எழுந்தது. தன்மேல் காற்று படாமலேயே அது கலங்கியது. அதனால்தான் கூம்பை அத்தை வேலிக்கு அந்தப்புறம் அடித்து வைத்திருந்தார். இந்தியாவின் 2001-ஆம் ஆண்டு அறுவைக்கூட விதிகளும் ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன.

அந்த விதிகளின் தாய்ச் சட்டத்துக்குப் பின்னால் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி தர, திரும்பப் பெற்றார். 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ருக்மிணி தேவி தீவிர சைவ உணவுக்காரர். ஆனாலும் அந்தச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. தேவையற்ற வலி கொடுத்தால்தான் குற்றம். இன்னொரு சட்டம் வேறு வழியில் போனது. தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதை அடியோடு தடுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டு தூங்கியது. 2003-இல் கண்டிப்பாக அமலானது. கிராமங்களில் கிளம்பிய எதிர்ப்பில் 2004-இல் நீக்கப்பட்டது. கொல்லாதே என்ற சட்டம் போய்விட்டது. வலிக்காமல் செய் என்ற சட்டம் நிற்கிறது. வலிக்காமல் செய்யத்தான் அறிவியல் வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். வெள்ளைக்கழிச்சல் கண்டோ வேறெதனாலோ சோர்ந்து உட்காரும் கோழியை ‘சாவதற்குள் குழம்பு வைத்துவிடலாம்’ என்று அறுப்பது பல வீடுகளில் பழக்கம். கூடாது. கோழிகள் கொத்துக்கொத்தாகச் சோர்ந்தால் அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது. நலமாக ஓடியாடும் கோழிதான் அடுப்படிக்கு வரலாம்.

குடத்துக்குக் குடம்

இறகு பறிக்க அத்தையின் சூத்திரம்: “ஒரு குடம் கொதிச்ச தண்ணி, ஒரு குடம் பச்சத் தண்ணி.” கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 டிகிரியும் 30 டிகிரியும் சரிபாதி கலந்தால் 65. அண்டா கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். இறகின் காம்பைப் பிடித்திருக்கும் புரதம் 60 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும், தோலும் வெந்துபோகாது. தெர்மாமீட்டர் இல்லாத அத்தை வந்து நின்ற இடம், ஏறக்குறைய கோழி ஆலைகள் இயந்திரத்தில் வைத்திருக்கும் வெப்பநிலைதான். ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் இறகு கையோடு வரும். பிறகு மஞ்சள் தடவித் தீயில் வாட்டினால் மிச்சம் நிற்கும் மயிரிறகும் போகும்.

குடலை எடுக்கும்போது ஈரலோடு ஒட்டிய பச்சைப் பித்தப்பையை உடைக்காமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறி முழுக்கக் கசப்பு. உள்ளே கூழாங்கல்லோடு இருக்கும் அரைவைப்பையை அத்தை ‘கந்தனகாய’ என்றார். தமிழில் பேசிக்கொண்டே தெலுங்கில் கோழியை ஆய்ந்தார். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோழியின் உள்ளுறுப்புகள் இன்னும் அந்தப் பக்கமே இருக்கின்றன.

அறுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கறி விறைக்கும். தசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்ததும், ஒன்றையொன்று பற்றிய புரத இழைகள் விடுபட முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. சில மணி நேரம் குளிரில் வைத்தால் நொதிகள் அந்தப் பூட்டைத் தளர்த்தும். ஆறு மாதம் ஓடித் திரிந்த சேவலின் இணைப்புத் திசுவில் கொலாஜன் முறுக்கேறியிருக்கும். பிராய்லரைப்போல இருபது நிமிடத்தில் வேகாது. மெல்லிய தீயில் நெடுநேரம் கொதித்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்குக் கெட்டி தரும். நாட்டுக்கோழிக் குழம்பின் ருசியில் பாதி அந்தக் காத்திருப்பு.

இரண்டாவது சேவலையும் நானே அடித்தேன். அது முடிந்து தொட்டித் தண்ணீரில் கை கழுவும்போது கவனித்தேன், என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சேவல் அடங்கி வெகுநேரம் ஆகியும் அது நிற்கவில்லை. ‘கழுத்தறுத்த கோழி மாதிரி’ என்று எழுதிய காலமெல்லாம் துடிப்பு இருக்கும் இடத்தில் வேதனை இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அன்று காலை அந்த வேலியோரம் உணர்ந்து துடித்தது நான் ஒருவன்தான்.

சாயங்காலம் மிச்சமிருந்த மூன்று சேவல்களும் வழக்கம்போல முருங்கையில் ஏறின. நான் கிட்டே போனேன். ஒன்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. கை நீட்டினேன். விலகவில்லை, என் கையிலிருந்த கம்புத் தானியத்தை இரண்டு கொத்துக் கொத்தியது. “காலைல நீ நல்லாதான் அடிச்சிருக்க” என்றார் பின்னாலிருந்து அத்தை.